மூன்றாவது முத்திரை

சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. முத்திரை காகிதத்தின் மேல்தான் விழ வேண்டும், பிளாஸ்டிக்கின் மேல் விழுந்தால் செல்லாது. பெற்றவர்கள் ஆசை ஆசையாகப் பிள்ளையின் பட்டத்தைப் பளபளவென்று மூடிக்கொண்டு வந்து நிற்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். என் தங்கையின் நர்சிங் சான்றிதழுக்கு அந்தக் கதி வரவில்லை. அதை வாங்கி வந்த அன்றே உறையில் போட்டு, முனை மடங்காமல் என் பீரோவில் வைத்தவள் நான்தான். அவள்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை, ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை வாங்கிக் கொடுக்கும் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். முதலில் நோட்டரி, அப்புறம் கல்வித் துறை, மூன்றாவது வெளியுறவுத் துறை, கடைசியில் அந்த நாட்டுத் தூதரகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சான்றிதழில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் படிப்பதில்லை. தனக்கு முன்னால் விழுந்த முத்திரையும் கையெழுத்தும் சரிதானா என்று மட்டும் பார்ப்பார்கள். ஊரில் பாதிப் பேரை நான்தான் விமானம் ஏற்றியிருக்கிறேன். என் பாஸ்போர்ட் மட்டும் இன்னும் வெள்ளைவெளேரென்று கிடக்கிறது.

தங்கைக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது எனக்கும் சந்தோஷம்தான். அவளைப் படிக்க வைக்க நான் என் படிப்பை நிறுத்தியதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"போய் கொஞ்சம் செட்டில் ஆனதும் அம்மாவக் கூட்டிட்டுப் போயிடுறேன்க்கா. நீ வீட்டப் பாத்துக்கோ."

நான் அம்மாவைப் பார்த்தேன். பெரியவள் தனியாக என்ன செய்வாள் என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன்.

"அங்க குளிர் ஜாஸ்தியாமே. நல்லதா ஒரு ஸ்வெட்டர் வாங்கணும்டி" என்றாள் அம்மா.

மறுநாளே ஸ்வெட்டர் வந்துவிட்டது. சக்கரம் வைத்த பெட்டியும் வந்தது. அதை அம்மா கூடத்தில் அங்குமிங்கும் இழுத்துப் பழகுவாள், திரும்பும் இடத்தில் சுவரில் இடித்துவிட்டுச் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். பொறாமை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. வீடு ஓடுவது என் சம்பளத்தில். அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவது நான். பெருமையெல்லாம் சின்னவளுக்கு.

நோட்டரி, கல்வித் துறை இரண்டையும் முறையாகத்தான் முடித்தேன். வெளியுறவுத் துறையில் முன்பு ஓர் அதிகாரி இருந்தார், நல்ல மனிதர், பணியில் இருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று எங்கள் முதலாளியின் இழுப்பறையில் கிடந்தது. அது எப்படி அங்கே வந்தது என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். அந்த அதிகாரியின் கையெழுத்தை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். வெற்றுத் தாளில் போட்டுப் பார்த்தேன், சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. சான்றிதழின் பின்பக்கம், கல்வித் துறை முத்திரைக்குக் கீழே, கோணல் மாணல் இல்லாமல் முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியை எழுதினேன்.

தூதரகத்தில் எல்லா அதிகாரிகளுடைய கையெழுத்தும் மாதிரிக்கு இருக்கும். யார் பணியில் இருக்கிறார், யார் இல்லை என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. செத்தவர் போன வாரம் கையெழுத்துப் போட்டிருந்தால் பிடிக்காமல் விட மாட்டார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஐயா.

அந்தத் தூதரகத்தில் சான்றிதழுக்கு உரியவரே நேரில் போக வேண்டும். கிளம்பும் முன் அவளை உட்கார வைத்துச் சொன்னேன்.

"ஏஜென்சி மூலமான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. எல்லா ஆபீசுக்கும் நானே அலைஞ்சு வாங்கினேன்னு சொல்லு. என் பேரு வரவே கூடாது."

"சரிக்கா. நீ மட்டும் இல்லன்னா நான் திண்டாடியிருப்பேன்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்போதும் பாசமாகத்தான் இருந்தது. திருப்பி அனுப்பினால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் கள்ள முத்திரை என்றால் உட்கார வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுவார்கள் என்று கவுண்டரில் எத்தனையோ பேரை எச்சரித்தவள் நான். நீங்கள் எவ்வளவு அதட்டியும் அவள் நான் சொல்லிக்கொடுத்ததையே சொல்கிறாளாமே. சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்பாள்.

இப்போது ஏன் நானாக வந்து சொல்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? மனசாட்சி உறுத்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளைப் பிடித்ததிலிருந்து அம்மா உங்கள் ஸ்டேஷன் வாசல் பெஞ்சை விட்டு நகரவில்லை. சின்னவளுக்குக் குளிருமே என்று அந்தப் புது ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சாப்பாடு கொண்டுபோனால், "அவ சாப்பிட்டாளா, கேட்டியா?" என்கிறாள். நீ சாப்பிட்டாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? பயப்படாதீர்கள், இது என் கையெழுத்துதான். தங்கையை விட்டுவிடுங்கள், அவள் ஒரு பாவமும் அறியாதவள். உள்ளே இருப்பது இனி பெரியவள் என்று அம்மாவிடம் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு உதவி, ஐயா. அதைக் கேட்ட பிறகும் அம்மா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாளா என்று ஜன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.