எல்லைக் கல்லுக்கு அப்பால்

அன்று என் வீட்டு விருந்தில் பாலாடைக்கட்டியில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. விளாஷ் அதையும் ரசித்துத்தான் சாப்பிட்டான். குறை சொல்லத் தெரியாத மனிதன்.

சபையோரே, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். துருக்கி சுல்தானை எதிர்க்க லெஷா நகரில் நம் மலைப் பிரபுக்கள் கூடிச் சத்தியம் செய்தபோது நானும் மனதாரத்தான் செய்தேன். ஆனால் என் ஒரே மகன் புரோகன் சின்ன வயதிலேயே சுல்தானிடம் பணயமாகப் போனவன். உங்களில் எத்தனை பேருக்கு அங்கே பிள்ளை இருக்கிறது?

சுல்தானின் ஆளுநர் பாஷா ஆள் அனுப்பினார். விளாஷைக் கொடுத்தால் மகன் வருவான், இல்லையென்றால் அவன் தலை வரும் என்றார். நம் கூட்டணிக்கு ஊர் ஊராகப் படை திரட்டியவன் விளாஷ். என் மகனின் முதல் முடியைக் கத்தரித்த ஞானத்தந்தையும் அவன்தான். நம் மலையில் அந்த உறவு ரத்தத்துக்கும் மேல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் என்ன செய்ய முடியும்?

விருந்தாளியை வீட்டுக்குள் தொட்டால் ஏழு தலைமுறைக்கும் பழி. ஆகவே நான் தொடவில்லை. வழக்கப்படி என் நிலத்து எல்லைக் கல் வரை துணைக்குப் போனேன். அதைத் தாண்டிவிட்டால் அவன் என் விருந்தாளி இல்லை.

"ஓடை வரைக்கும் வாயேன், பேசிக்கிட்டே போகலாம்," என்றான்.

"முட்டி வலிக்குது விளாஷ். நீ போ."

"இப்பவே முட்டியா? உன் பையன் வந்து பார்த்தா சிரிப்பான்டா. பாத்துக்கிட்டே இரு, அவனை மீட்காம நான் ஓயமாட்டேன்."

தாண்டினான். புதருக்குப் பின்னாலிருந்து குதிரைகள் வந்தன. அந்த இடத்தைச் சொல்லி அனுப்பியவன் நான்தான். தலைப்பாகை கட்டிய இளைஞன் ஒருவன் இறங்கினான். பெற்ற எனக்கு முன்பே விளாஷ் அவனை அடையாளம் கண்டுகொண்டான்.

"புரோகா, நீயாடா? எவ்வளவு வளர்ந்துட்டே," என்று இரண்டு கைகளையும் விரித்தான்.

என் மகன் கையால் ஒரே வெட்டு. பிறகு அவன் துருக்கி மொழியில் என்னிடம் ஏதோ கேட்டான். பக்கத்திலிருந்தவன் மொழிபெயர்த்தான். "பெரியவரே, செத்தவன் உமக்கு யாருன்னு கேக்குறாரு."

"யாருமில்லை," என்றேன்.

மகன் தலையசைத்துவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டான். வருவான் என்றார் பாஷா, வந்தான். அதில் பொய்யில்லை. விருந்தாளியைக் காக்கும் என் வீட்டுச் சத்தியத்திலும் குறையில்லை. ரத்தம் கல்லுக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் தெறித்திருந்தது. அதை நானே மண் போட்டு மூடிவிட்டேன்.