இலையின் மறுபாதி

— மூணாம் தேதி எழுதிக் கொடுத்த சீட்டுல தப்பு பண்ணிட்டேம்மா. சாதாரண இலைதான், இந்த மாதிரி நிறையக் கிடைச்சிருக்குன்னு எழுதிட்டேன். விளிம்பைச் சரியாப் பார்க்கலை.

— இதைச் சொல்லவா போன் போட்டு கல்லோட வரச் சொன்னே, பாப்பா? கல்லாப் போன இலை. அது எதுவா இருந்தா என்ன?

— உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். 'இன்னொரு தடவை பாருங்க மேடம்'னு கேட்டார். நான் இந்தக் காலேஜ்ல சாயங்கால வகுப்புல படிக்கிறவ. புத்தகத்துல இருக்கிற படத்தோட ஒத்துப்போச்சுன்னு அனுப்பிட்டேன்.

— அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. 'லாரி ஓட்டறவனுக்கு இதெல்லாம் தேவையா'ன்னு தன்னையே திட்டிக்கிட்டார். நானாவது வாயை மூடிக்கிட்டு இருந்தேனா? 'படிச்சவங்களே சொல்லியாச்சு, இனிமேலாவது கல்லை விட்டுட்டு மனுஷங்க மூஞ்சியைப் பாருங்க'ன்னேன். அந்த வாரமே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். எழுந்திரிக்கவே இல்லை.

— அவர் போயிட்டார்னு போன்ல நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் ஓடலைம்மா. நான் எடுத்து வச்சிருந்த போட்டோவை எங்க வாத்தியார் நேத்துதான் பார்த்தார். இப்படி ஒரு இலை இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்லைங்கிறார். உறுதியாச்சுன்னா, கண்டெடுத்தவர் பேரையே வைக்கலாமாம்.

— யாரு, இவர் பேரையா? இலைக்கா?

— ஆமாம்மா. இனிமே யார் அதைப் பத்தி எழுதினாலும் அந்தப் பேரைத்தான் எழுதணும்.

— எங்க கல்யாணப் பத்திரிகையிலயே அவர் பேரைத் தப்பா அடிச்சுட்டாங்க. நீங்களாவது எழுத்துப் பிழை இல்லாம போடுங்க. இந்தா கல்லு. கதவு அடிச்சுக்காம இருக்க முட்டுக் கொடுத்திருந்தேன். தொடைச்சுதான் கொண்டு வந்தேன்.

— அன்னைக்கு அவர் கொண்டு வந்தது இது இல்லையேம்மா.

— அதே இலைதான். கல்லை உடைச்சப்போ ரெண்டு பக்கமும் பதிஞ்சிருந்துச்சு. 'உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு'ன்னார். எனக்கு மூக்குத்தி கேட்டிருந்தேன், கல்லு கொடுத்தார் மனுஷன்.

— இதுல நடு நரம்பு மட்டும்தான் இருக்கு. விளிம்பு, சின்ன நரம்பு எல்லாம் அவரோட பாதியில போயிடுச்சு. அது இல்லாம பேர் வைக்க முடியாது.

— போட்டோ பத்தாதா?

— மங்கலா இருக்கும்மா. கல்லே வேணும். வீட்டுல தேடிப் பாருங்க.

— தேடவே வேண்டாம். இருக்கிற இடம் தெரியும்.

— அப்பாடா! அப்போ நாளைக்குக் காலையில எடுத்துட்டு வந்துடுங்க. நான் வேலைக்கு லீவு போட்டுட்டு இங்கேயே காத்திருக்கேன்.

— சாதாரண இலைதானேன்னு, பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் அவர் கையில வச்சேன். நாளைக்கு யாரைக் கூப்பிட்டுத் தோண்டச் சொல்லட்டும், பாப்பா?