அய்யாக்கண்ணு வாங்கிய வெற்றிலை

காம்பு கிள்ளாமல் நான் யாருக்கும் வெற்றிலை கொடுத்ததில்லை, ஐயா. எங்கள் தொழிலில் அதுதான் ஒப்பந்தம். பினாங்கில் நாடகம் போட நினைப்பவர்கள் சூலியா தெருவில் என்னைத் தேடி வருவார்கள். நான் நடிகனைக் கூப்பிட்டு வெற்றிலை கொடுப்பேன். வாங்கிவிட்டால் காய்ச்சலோடாவது வந்து மேடையேறுவான். ஆள் அனுப்புவதுதான் என் பிழைப்பு.

என்னிடமிருந்த நடிகர்களில் அய்யாக்கண்ணு உசத்தி. பெண் வேஷம் கட்டுவான். இடுப்புவரை சொந்த முடி. அவன் அழுதால் முன்வரிசை முழுக்க மூக்கைச் சிந்தும். ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் என்னிடம் வந்து நின்றான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நானே தனியா நாடக செட்டு சேர்க்கப் போறேன். நம்ம பசங்களும் வர்றாங்க லா."

அவனுக்கு மேடையில் நடக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். வயிறு எரிந்தது. உங்களிடம் மறைக்கவில்லை.

அந்த மாதம் சியாமில் போடும் ரயில்பாதைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். என்னைப் போன்ற ஏஜெண்டுகளையும் கூப்பிட்டு, ஒரு ஆளைக் கொடு, இல்லாவிட்டால் நீயே ஏறு என்றார்கள். போனவர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று தப்பி வந்த ஒருவன் முன்பே சொல்லியிருந்தான்.

அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போனேன். எனக்காகக் கடைசியாக ஒரு நாடகம், சியாமில், நம் கூலிக்காரர்கள் பார்க்க என்று சொல்லி வெற்றிலையை நீட்டினேன்.

"வேணாங்க, போவாதீங்க," என்றாள் அவன் மனைவி நல்லம்மாள்.

"அண்ணன் வெத்தல குடுக்கிறாரு. எப்படி வேணாங்கிறது?" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கடலுக்கு அக்கரையில் இருந்த ரயில் ஸ்டேஷனில் அவனுடைய புடவைப் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன், அடுத்த ரயிலில் அனுப்புவதாகச் சொல்லி. துணி கிடைக்காத காலம். நல்ல பட்டு வீணாகப் போவானேன் என்று தோன்றியது.

"மறந்துடாதீங்கண்ணே. புடவ இல்லாம நான் எப்படி ஆடுவேன்?" என்றான் வண்டியிலிருந்து.

அந்தப் புடவைகளைக் கட்டிக்கொண்டு இங்கே வேறொருவன் ஆடினான். கூட்டம் குறையவில்லை.

அய்யாக்கண்ணு வாந்திபேதியில் போய்விட்டான். கூட இருந்தவன் வந்து சொன்னான். பெட்டி வந்ததா, பெட்டி வந்ததா என்று கடைசிவரை கேட்டானாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜப்பான்காரன் போன பிறகு நல்லம்மாள் உங்களிடம் கொடுத்த புகாரில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தெரிந்தேதான் அனுப்பினேன். குற்றம் என்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. நான் வெற்றிலையை நீட்டினேன், அவ்வளவுதான். வாங்கியது அவன் கை.