நோ பார்க்கிங் போர்டுக்கு வைத்த பொட்டு

“போர்டு எங்கய்யா கீது? காட்டு, பார்க்கலாம்” என்று பாலசுந்தரம் அண்ணன் தெருவே அதிரக் கத்திக்கொண்டிருந்தபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் கீரை கொஞ்சம் முற்றல், நேரம் பிடித்தது.

“என்னைக் கேட்டா? போலீஸைப் போய்க் கேளு” என்றார் எதிர்வீட்டுக் கன்னையா அண்ணன்.

“போலீஸுக்குப் போட்டோ அனுப்பினதே நீதானே! படத்தைப் பாரு, உன் கேட்டாண்ட நின்னுகினு எடுத்த மாதிரி கீது.”

“த பாரு பாலு. முப்பது வருசமா ஒரே டீயைப் பாதி பாதி குடிச்சவங்க நாம.”

“அதான்யா வயிறு எரியுது. பாதி டீ குடுத்தவனுக்கே இந்த புத்தியா?”

இந்தச் சண்டையிலிருந்து ஆரம்பித்தால்தான் இன்ஸ்பெக்டர் மேடம், உங்களுக்கு விஷயம் விளங்கும். ஆறு மாதம் ஆகிவிட்டது, ஃபைலை மூட வேண்டும், நடந்ததை நடந்தபடி எழுதிக்கொடு என்று சொல்லிவிட்டீர்கள். எழுதுகிறேன். என் பெயர் கலைவாணி. பாவடித் தெருவில் பாலசுந்தரம் அண்ணனுக்குப் பக்கத்து வீடு. அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு மாதிரி சொன்னால் அது அவர்கள் குணம்.

பாலசுந்தரம் அண்ணனும் கன்னையா அண்ணனும் கூட்டாளிகள். தெருக்கோடி ஷெட்டில் எட்டு பவர்லூம், இரண்டு பேருக்கும் பொது. போன ஆவணியில் பாலசுந்தரம் அண்ணன் திருப்பதியிலிருந்து ஒரு வெள்ளைக் கார் எடுத்துவந்தார். அவர் வீட்டு வாசலில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் காரை என் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினார். என் வீட்டுக்குத் தெருவைப் பார்த்து அந்த ஒரு ஜன்னல்தான். நான் அங்கே உட்காருவது காற்றுக்காக.

கார் வந்த முதல் வாரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். டைலர் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் இறங்கியது; என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது வீட்டில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள். சத்தம் மட்டும் வந்தது, ரேடியோ கேட்கிற மாதிரி. யார் கையில் துடைப்பம் இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் கால்கள் மட்டும் தெரியும். கால்களை வைத்தே ஆளைச் சொல்ல நான் பழகிக்கொண்டேன். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஜோடிக் கால்கள் எதிரும் புதிருமாக வந்து நிற்கும். ஒன்றில் முத்துக் கொலுசு. இன்னொன்றில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. பத்து நிமிடம் நிற்கும், பிரியும். யாரென்று பிடிபடவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மேடம். இரண்டு கிலோ இளைத்தேன்.

காரை எடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். “ஜன்னல்ல இன்னாக்கா பார்க்கப் போற?” என்றார். இப்படிக் கேட்டால் ஒரு பெண் என்ன பதில் சொல்ல முடியும்?

கங்கம்மா ஜாத்திரைக்கு உங்கள் ஆட்கள் தெருவில் நோ பார்க்கிங் போர்டு வைத்தார்களே, இரும்பில், கால் வைத்தது. திரும்ப எடுத்துப் போகும்போது ஒன்றை மறந்துவிட்டார்கள். வெயிலில் கிடந்து துருப்பிடிக்குமே, அரசாங்கச் சொத்தாயிற்றே என்று நான்தான் உள்ளே எடுத்துவைத்தேன். வடாம் காயவைக்க வாட்டமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கட்டியிருந்த பேனரையும் படித்திருந்தேன்: தப்பாக நிறுத்திய வண்டியைப் படமெடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்கள், அனுப்புகிறவர் பெயர் வெளியே வராது. போலீஸே கேட்கும்போது உதவாமல் இருப்பது நல்ல குடிமகளுக்கு அழகல்ல.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் ஈ காக்காய் இருக்காது. எல்லோரும் தறி ஓட்டப் போயிருப்பார்கள். போர்டைக் கொண்டுபோய்க் கார் பக்கத்தில் வைத்தேன். கறிவேப்பிலை பறிக்கப் போவதுபோல் கன்னையா அண்ணன் கேட்டுக்குப் போனேன். அங்கிருந்து படம் எடுத்தால் என் ஜன்னல் சாத்தியிருப்பது படத்தில் விழும். எடுத்தேன். போர்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். உண்மையாகவே நாலு கொத்து கறிவேப்பிலையும் பறித்துக்கொண்டேன். பொய்யாக எதையும் செய்ய எனக்கு வராது.

அபராதம் போட்டுச் செல்லான் வந்தது. அதற்குத்தான் மேலே சொன்ன சண்டை. இதோடு காரை வேறு இடத்தில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அங்கேதான் என் கணக்கு தப்பியது. “காரை எடுத்தா தப்பை ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். ஒரு இஞ்ச் நகராது” என்று சொல்லிவிட்டார். அதுவரைக்குமாவது காலையில் ஒருமுறை எடுத்துக்கொண்டு போவார். இப்போது அதுவும் நின்றது.

நியாயம் கேட்டு அவர் அலைந்த அலைச்சலை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். தெருவின் இரண்டு முனையிலும் நின்று படம் எடுத்தார். டேப் வைத்து ரோட்டை அளந்தார். ஆந்திர ஆபீஸ் ஆயிற்றே என்று அவர் பெண் பிரித்திகா தெலுங்கில் மனு எழுதிக் கொடுத்தாள். சித்தூர் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போனார், காரை எடுக்கக் கூடாதே. பாவம் என்று எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தேன். எங்கள் தெருவில் போர்டு கிடையாது என்ற மனுவில் முதல் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நான் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் தெருவில் போர்டு இல்லை. அது என் கதவுக்குப் பின்னால் இருந்தது.

அவர் நகர்த்தாததால் நான் இரண்டாவது படம் அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கும் செல்லான் வந்த அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேரும் ஷெட்டைப் பிரித்தார்கள். ஆளுக்கு நாலு தறி, நடுவில் தகரம். கன்னையா அண்ணன் டீக்கடைக்குப் போய் முழு டீ வாங்கிப் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு வந்தாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் சொன்னதை இவரிடமும் இவர் சொன்னதை அவரிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தர் மனசில் இருப்பது இன்னொருத்தருக்குத் தெரிந்தால்தானே சமாதானம் வரும்? நாளாக நாளாகத் தகரத்தை இன்னும் உயரமாக்கினார்கள்.

மூன்றாவது படத்தில்தான் தவறினேன். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு எங்கள் தெருவில் வேலை செய்கிற எந்தச் சாமானையும் பொட்டில்லாமல் விடமாட்டோம். தறி, நாடா, சைக்கிள், மிக்ஸி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் அரிவாள்மணைக்கு வைத்தேன், ஃபோனுக்கு வைத்தேன், கதவுக்குப் பின்னால் போனேன், அங்கே இருந்ததற்கும் வைத்தேன். இரண்டு மாதமாக எனக்கு உழைத்த பொருள். கை தானாகப் போயிற்று.

மூன்றாவது செல்லானோடு எல்லோரும் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தோம். பாலசுந்தரம் அண்ணன், பிரித்திகா, சாட்சியாக நான். நீங்கள் கன்னையா அண்ணனையும் அவர் மகன் உதயாவையும் வரச் சொல்லியிருந்தீர்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஈ போர்டுகி பொட்டு எவரு பெட்டாரு?” என்றீர்கள், இந்தப் போர்டுக்குப் பொட்டு வைத்தது யார் என்று. நோ பார்க்கிங் போர்டுக்கு எந்த டிபார்ட்மென்டிலும் பொட்டு வைக்க மாட்டார்கள் என்றீர்கள். அதாவது இது யாரோ வீட்டில் வைத்திருக்கும் போர்டு.

“நான் சொல்லலை?” என்று பாலசுந்தரம் அண்ணன் எழுந்துவிட்டார். “கரண்ட் கம்பத்துக்கே பொட்டு வைக்கிற ஆளு மேடம் இவன்!”

“ஆமாய்யா, கம்பத்துக்கு வெச்சேன். உன் தறிக்கும் நான்தான் வெச்சேன், தகரத்தைத் தாண்டி வந்து” என்றார் கன்னையா அண்ணன்.

“நைனா, கம்முனு இரு நைனா” என்று பிரித்திகா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “கன்னையா அண்ணன் பொட்டு இப்படித்தான் பெருசா இருக்கும்” என்றேன். சாட்சியாகப் போனவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தேன். பெஞ்சுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் முத்துக் கொலுசும் வெள்ளை கேன்வாஸ் ஷூவும். நிமிர்ந்தால் பிரித்திகா. அவளை ஒட்டி உதயா. இரண்டு மாதம் என் சோற்றைக் கெடுத்த விஷயம் அந்த நொடியில் தீர்ந்தது. அதே நேரம் நீங்கள், “படம் வந்த நம்பருக்கே அடிச்சிப் பார்க்கலாம்” என்று ஃபோனை எடுத்தீர்கள். என் இடுப்பில் சேவல் கூவியது. அது என் ரிங்டோன். மூன்று முறை கூவியது. குங்குமம் வைத்த ஃபோன் மேடம், சத்தம் எடுப்பாக இருந்தது. அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று ஏட்டு எழுதியிருக்கிறார். அது திமிர் இல்லை. கால்களைக் கண்டுபிடித்த சந்தோஷம்.

“அக்கா, நீயா?” என்றார் பாலசுந்தரம் அண்ணன். கன்னையா அண்ணன் அவர் தோளில் கையைப் போட்டார். வெளியே போய் இரண்டு பேரும் ஒரு டீயைப் பாதி பாதி குடித்துக்கொண்டே என்னைத் திட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

செல்லான் மூன்றும் ரத்தாயின. தகரம் இறங்கியது. அந்தப் பெஞ்சு விஷயத்தை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், நல்ல சேதியைத் தள்ளிப் போடக் கூடாது என்று. பிரித்திகாவுக்கும் உதயாவுக்கும் தை மாதம் திருப்பதியில் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அப்புறம் இரண்டு குடும்பமும் தறிகளோடு புத்தூருக்கே போய்விட்டது. ஏன் போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது என் ஜன்னலுக்கு முன்னால் ஒரு மறைப்பும் இல்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

போர்டை வைத்தது நான். படம் எடுத்தது நான். பழியை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டதும் நான். எல்லாம் நல்லபடி முடிந்ததும் என்னால்தான். அதையும் ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலாசம் மாறுவதால் இதையும் தெரிவிக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நானும் புத்தூருக்குக் குடிபோகிறேன். அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரில் மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. பிரித்திகாவுக்கு இது மூன்றாவது மாதம். அவளும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.