வெயிலில் விரித்த றெக்கை

பறக்க ஆசைப்படுகிறவர் முதலில் வாங்க வேண்டியது றெக்கையும் இல்லை, இன்ஜினும் இல்லை. ஒரு எடை மிஷின். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்கள் சின்ன வயது, இன்ஸ்பெக்டர் அம்மா. நாளைக்கு உங்களுக்கே அப்படி ஓர் ஆசை வரலாம். அதனால் சொல்கிறேன்.

ஆம்பளைகள் எடையில் பொய் சொல்வார்கள். என் தம்பி மணிகண்டராஜ் எழுபத்திரண்டு கிலோ என்று எழுதிக் கொடுத்திருந்தான். நாற்பது வயதில், சிவகாசியில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறவன், மூன்று வேளையும் என் சமையலைச் சாப்பிடுகிறவன், எழுபத்திரண்டு இருப்பானா? கம்பெனியில் லோடு நிறுக்கும் மேடையில் அவனை ஏற்றினேன். முதுகில் இன்ஜின், டேங்க் நிறைய பெட்ரோல், தலைக்கவசம், பூட்ஸ், உட்காரும் வார், எல்லாவற்றோடும். நூற்றிருபத்தாறு காட்டியது. றெக்கையின் அளவை அந்த எடைக்குத்தான் எடுக்க வேண்டும். வெறும் உடம்புக்கு எடுத்தால் சின்னதாகப் போய்விடும். சின்ன றெக்கை வேகமாக ஓடும். புதிதாகக் கற்கிறவன் கைக்கு அடங்காது.

முதுகில் இன்ஜினும் தலைக்கு மேலே துணி றெக்கையுமாகப் பறக்கும் இந்தப் பாராமோட்டாரைக் கற்றுக்கொடுக்கும் தங்கப்பாண்டியன் அப்போது பக்கத்தில்தான் நின்றார். “நல்லவேளைக்கா, நீங்க பாத்தீக. நான் பாட்டுக்குச் சின்ன சைஸுக்கு ஆர்டர் போட்டிருப்பேன்” என்றார். அன்றிலிருந்து என் சொல்லுக்கு அவரிடம் ஒரு மதிப்பு. நேற்றிலிருந்து அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். நான் சொல்லி முடித்ததும் அவரை அனுப்பிவிடலாம்.

றெக்கை வாங்கியபோதும் எனக்கும் தம்பிக்கும் சண்டைதான். அவன் சிவப்பில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான், பந்தயத்துக்குப் போகிறவர்கள் எடுப்பது. நான் முதன்முதலாகப் பறக்கிறவர்களுக்கு என்றே செய்ததைக் காட்டினேன்.

“கத்துக்குட்டி றெக்கைய மாட்டிட்டுப் போனா ஊரு சிரிக்கும்க்கா.”

“சிரிக்கட்டும்லே. ராக்கெட் விடுறதுக்கு முன்னால எல்லாரும் கம்பி மத்தாப்புதான் பிடிச்சோம்.”

கடைசியில் நான் காட்டியதைத்தான் வாங்கினோம். றெக்கை கைவிட்டால் விரிக்கிற அவசரக் குடையும் நான் கேட்டு வாங்கியதுதான். அது வேண்டாம், கனம் என்றான். விடவில்லை. அது எந்த உயரத்தில் விரியும் என்றுகூடத் தங்கப்பாண்டியனிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். முந்நூறு அடிக்குக் கீழே அதை நம்பக் கூடாது என்றார்.

காரியாபட்டிப் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் பயிற்சி. இரண்டு மாதம் இன்ஜினைத் தொடவே விடவில்லை. காற்றுக்கு எதிரே நின்று, துணியைத் தலைக்கு மேலே எழுப்பி நிறுத்தி, மறுபடி இறக்க வேண்டும். அதுதான் பாடம். ஒரு நாளும் தவறாமல் நான் காரில் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்களுக்கு மனைவி வருவாள், சிநேகிதன் வருவான், இவனுக்கு அக்கா.

ஏன் என்று கேட்கமாட்டீர்கள், நீங்கள் பண்புள்ளவர். நானே சொல்கிறேன். அவன் பிறந்த பதினோராம் நாள் எங்கள் அம்மா போய்விட்டாள். எனக்குப் பதினெட்டு வயது. பெண் கேட்டு வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். ஊர் அதைத் தியாகம் என்றது. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. எனக்கு வேண்டியது என் மடியில் இருந்தது.

போன மாசியில் அவன் பறந்து இறங்கும்போது உழவு சாலில் கால் சிக்கி, கணுக்கால் முறிந்தது. அதில் என் கை இல்லை, தானாக நடந்தது. நாற்பது நாள் கட்டு. நாற்பது நாளும் அவன் வீட்டில் இருந்தான். தூக்கி உட்காரவைத்தேன், தலை துவட்டிவிட்டேன், “அக்கா, தண்ணி” என்று அவன் கூப்பிட்டால் ஓடினேன். அவன் மனைவி பிரீத்திகா நல்ல பெண். “நீங்க கொஞ்சம் படுங்க மதினி, நான் பாத்துக்கிடுறேன்” என்று தினமும் சொல்வாள். நான் படுக்கவில்லை. எனக்கு அலுப்பே தெரியவில்லை.

கட்டுப் பிரித்த வாரம், சாப்பிடும்போது சொன்னான்: “தீபாவளி சீசன் முடிஞ்சதும் நாங்க கோயம்புத்தூர் போறோம்க்கா. அங்கன நானே ஒரு பறக்குற ஸ்கூல் தொடங்கப் போறேன். கம்பெனிய மேனேஜர் பாப்பாரு. நீயும் எம்புட்டு நாளைக்கு எனக்கே ஆக்கிப் போடுவ? ஓய்வா இரு.”

“நல்லதுய்யா” என்றேன். இன்னொரு தோசை வைத்தேன்.

இனி சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். றெக்கை நைலான் துணி. வாங்கிய அன்றே தங்கப்பாண்டியன் சொன்னார்: “இதுக்கு வெயில்தான்க்கா எமன். பறந்து முடிச்சதும் சுருட்டிப் பைக்குள்ள வச்சிரணும்.” வெயில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பாக்க அப்படியேதான் இருக்கும். ஆனா காத்து உள்ள நிக்காது, கசியும். ஒரு நேரம் றெக்கை விரிஞ்சது விரிஞ்சபடி இருக்கும், முன்னால போகாது. நேரா கீழ எறங்கும்.”

வைகாசியிலிருந்து ஆவணி வரை எங்கள் பக்கம் காற்று பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் பறக்க முடியாது. றெக்கை வீட்டில் சும்மா கிடந்தது. பட்டாசு கம்பெனிக்குள் நைலான் கொண்டுபோகக் கூடாது. உரசினால் பொறி பறக்கும், நாங்கள் எல்லாரும் பருத்திதான் உடுத்துவோம். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பு. அதனால் எங்களுடைய மூடிப்போன தீப்பெட்டி ஆலையின் சிமெண்டுக் களத்துக்கு எடுத்துப்போய் விரித்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. மத்தியானம் புரட்டிப் போடுவேன், இரண்டு பக்கமும் படவேண்டுமே.

யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊரில் ஒரு பொருளைக் கெடுக்க நினைக்கிறவர் நனைப்பார். காப்பாற்ற நினைக்கிறவர் காயப்போடுவார். மருந்தும் திரியும் காகிதக் குழலும் வெயிலை நம்பித்தான் இருக்கின்றன. களத்தைக் கூட்ட வரும் அய்யம்மாள்தான் ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

“என்னக்கா, மொதலாளி சட்டைய இம்புட்டு அகலமாவா தச்சிருக்காக?”

“தின்னு தின்னு வயிறு வச்சிருச்சுடீ, என்ன செய்ய?”

“அப்ப மொதலாளியம்மா புடவைய எங்கன காயப்போடுவீக? விருதுநகர் ரயில்வே ஸ்டேஷன்லயா?”

இரண்டு பேரும் சிரித்தோம். ஓரத்தில் காற்று தூக்காமலிருக்க அவளே நான்கு செங்கல் எடுத்து வைத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளை அழைத்து விசாரிக்காதீர்கள். தம்பியும் ஒருமுறை நிறம் மங்கியதைப் பார்த்தான். “வெளுத்திருச்சேக்கா?” என்றான். “நம்ம ஊரு வெயிலுக்கு எதுதான்யா வெளுக்கல? பூசணம் பிடிச்சிரக் கூடாதுன்னு அப்பப்ப காத்தாட வைக்கேன்” என்றேன். “அக்கா இருக்கையில எனக்கென்ன” என்று என் தோளில் கை போட்டுக்கொண்டான்.

புரட்டாசியில் காற்று அடங்கியது. பறக்கும் முன்னால் துணியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று தங்கப்பாண்டியன் சொன்னார். வெளியூரில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. நானே பார்சல் கட்டி அனுப்பினேன். நான் அனுப்பாவிட்டால் அவர் அனுப்பிவிடுவார். றெக்கை திரும்பி வந்தபோது கூடவே ஒரு தாளும் வந்தது. ‘பறப்பதற்குத் தகுதியற்றது’ என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். இதோ, அந்தத் தாள். கசங்காமல் வைத்திருக்கிறேன்.

“சர்டிபிகேட் வந்துச்சாக்கா?” என்று தங்கப்பாண்டியன் போனில் கேட்டார்.

“வந்துருச்சு தம்பி. எல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருக்கான்.”

அவர் தாளைக் காட்டச் சொல்லவில்லை. எடையைச் சரியாகப் பார்த்த அக்கா அல்லவா. அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஆயுத பூசைக்கு மறுநாள் கம்பெனி விடுமுறை. நம் பெண்கள் முதலாளி பறப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று சொல்லி, கம்பெனி வேனில் இருபது பேரைக் காரியாபட்டிக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். அவன் மேலே போனான். பெண்கள் குலவை போட்டார்கள். ரொம்ப உயரத்தில் இருந்தான், புள்ளி மாதிரி. அவன் காதில் ஒரு ரேடியோ உண்டு. தங்கப்பாண்டியன் கையில் இருந்ததை வாங்கி, நான் பேசினேன்.

“ஏலே மணி, மூஞ்சியே தெரியலைங்காளுக. தாழ வாய்யா. இன்னும் தாழ. மெதுவா வா.”

வந்தான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. நூற்றைம்பது அடி இருக்கும், கை காட்டினான். காட்டிய கை காட்டியபடி இருக்க, றெக்கை தலைக்கு மேலே நின்றுவிட்டது. தங்கப்பாண்டியன் சொன்னாரே, அதே மாதிரி விரிந்தபடி. நேராக இறங்கினான்.

நீங்கள் கேட்பீர்கள்: ஒரு கால் ஒடிந்து வீட்டில் கிடக்கட்டும் என்றுதானே நினைத்தீர்கள் என்று. அப்படிச் சொன்னால் எனக்கும் நல்லதுதான், வக்கீலும் அதையே சொல்லச் சொல்வார். ஆனால் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கால் நாற்பது நாளில் கூடிவிடும் என்பது எனக்கு மாசியிலேயே தெரியும். நாற்பது நாள் எனக்குப் போதவில்லை.

முதுகெலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. கழுத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இனி எந்த ஊருக்கும் அவன் போகவேண்டியதில்லை. பிரீத்திகா என் பீரோவில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உங்களிடம் வருவதற்கு முன்னால், அவன் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். சொல்லட்டும், அவன் என்னைத் தவறாக நினைக்கமாட்டான். நான் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறான், நான் எழுந்து போகும்வரை திறப்பதில்லை. என்னைக் கண்டால் பிள்ளைக்கு அவ்வளவு நிம்மதி.