வலியை நிறுத்தி வைத்த மாத்திரை

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அறுவடையை நிறுத்தியிருந்த சமயம். மாயவரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த தன் மனைவிக்குத் தம்பி கஞ்சி கொண்டுபோனான்.

"எட்டு மாசத்துலயே வலி வந்துடுச்சுக்கா. ஊசி போட்டு, மாத்திரை குடுத்து நிறுத்தி வச்சிருக்காங்க."

"நீ அறுப்ப நிறுத்துன, டாக்டரம்மா வலிய நிறுத்திட்டாங்க. சரியாப் போச்சு."

"இன்னும் கொஞ்ச நாளு உள்ளயே இருந்தா பொழச்சுக்குமாம்."

"உன் புள்ள சொன்னா இருக்குமா? மிராசுதார் சொல்லியும் நீ கேக்கல, போலீஸ் சொல்லியும் கேக்கல."

தம்பி தூக்குச்சட்டியை மடியோடு அணைத்துக்கொண்டான்.

"இந்த ஒரு தடவ கேட்டாப் போதும்க்கா. பொறந்தப்புறம் எவன் பேச்சையும் கேக்க வேணாம்."