தொம்மை இறங்கிய இடம்

— பேட்டின்னா நாளைக்குக் கூப்பிடுங்கக்கா. நான் இப்ப சங்கரன்கோவில்ல கல்யாண மண்டபத்துல இருக்கேன். இன்னும் அரை மணி நேரத்துல எனக்குப் பாராட்டு விழா.

— பேட்டி இல்ல மக்கா. திருச்செந்தூருக்குத் தெக்க, கடக்கரையில இருந்து பேசுதேன். ஞானபூரணம்னு பேரு. ஒங்க படகு கிளப்புல கெஞ்சித்தான் இந்த நம்பர வாங்குனேன். விஜிதா நீதான?

— ஆமா. சொல்லுங்க.

— நான் தொம்மை வீட்டுக்காரி.

— எந்தத் தொம்மை?

— தூத்துக்குடியில இருந்து மணப்பாடு வரைக்கும் பாய் விரிச்சு வந்தியே, நடுவுல நீ கவுந்து கெடக்கையில ஒருத்தர் நீந்தி வந்து ஏறுனாவளே. அவிய.

— இல்லக்கா, யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. நான் தனியாத்தான் வந்தேன். வீடியோலயே இருக்கே.

— பாத்தேன். எம் பொண்ணு நாலு தடவ போட்டுக் காட்டுனா. ரெண்டு ஓடத்தை ஜோடிச்ச மாதிரி படகு, முன்னால புள்ளத்தாச்சி வயிறு கணக்கா ஆரஞ்சுப் பாயி. அதுக்கு என்ன பேரு?

— ஸ்பின்னேக்கர்.

— தூத்துக்குடியில ஏத்துன அந்தப் பாயி மணப்பாட்டு வீடியோல காணலியே.

— காத்து கூடிட்டு. இறக்கிட்டேன்.

— இறக்கல மக்கா. கிழிஞ்சி எங்க வீட்டு வேலியில காயுது. எங்க அண்ணந்தான் வள்ளத்துல அள்ளிப் போட்டுக் கொண்டாந்தான்.

— ஒரு நிமிஷம்க்கா. கதவச் சாத்திட்டு வாரேன்.

— மெல்ல வா.

— சொல்லுங்க.

— நான் சண்டைக்கு வரல, கேட்டியா? ஒரே ஒண்ணு கேக்கணும். ஒம்பது நாளா எனக்குச் சோறு எறங்கல. அவிய எங்க அண்ணன் வள்ளத்துல இருந்து குதிச்சு ஒன் படகுல ஏறுனத அவனே பாத்தான். இனி ஆபத்து இல்லன்னு அவன் கடல்ல கெடந்த வலைய இழுக்கப் போயிட்டான். ஒரு மணி நேரங்கழிச்சு, கரைக்கு இன்னும் ஒரு மைல் கெடக்கையில, அவிய கடல்ல குதிச்சத நாலு வள்ளத்துக்காரங்க பாத்திருக்காவ. தனியா இருக்க பொம்பளப் புள்ள படகுல இருந்து ஒரு ஆம்பள எதுக்குக் குதிக்கணும்?

— அவரு என்ன சொன்னாரு?

— சும்மா நீந்தணும்போல இருந்துச்சாம். நாப்பத்தாறு வயசுல. அத யாரு நம்புவா? ஒன்கிட்ட ஏதோ தப்பா நடந்திருக்காவ, நீ மெரட்டி எறக்கி விட்டுட்டேன்னு ஊர்ல பேச்சு. ஊர்க் கமிட்டியில அவியளக் கடலுக்குப் போவக் கூடாதுன்னு நிப்பாட்டிட்டாவ. எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கா. நானும் அவிய மொகத்தப் பாத்து நேராக் கேக்கல. ஆமான்னு சொல்லிட்டா என்ன செய்யன்னு பயம். அதான் ஒன்னக் கேக்கேன். எம் புருசன் ஒம் மேல கை வச்சாவளா?

— ஐயோ, இல்லக்கா. சத்தியமா இல்ல. அவரு என்னைத் திட்டக்கூட இல்ல.

— பொறவு?

— அன்னைக்கு அந்தப் பாய நான் தூக்கியிருக்கவே கூடாது. காத்து கூடுனா அதத் தொடாதேன்னு சொல்லித்தான் கோச் அனுப்புனாரு. சீக்கிரம் போய்ச் சேந்துட்டேன்னு காட்டணும்னு எனக்கு ஆசை. கூட வந்த மோட்டார் படகு இன்ஜின் கோளாறுல நின்னப்போ, அதையே பின்னால விட்டுட்டேன். திடீர்னு படகோட மூக்கு தண்ணியில குத்தி, கவுந்துட்டு. பாய்ல தண்ணி ரொம்பி நிமித்த முடியல. கயிறு கால்ல சுத்திக்கிட்டு. எவ்வளவு நேரம் கத்துனேன்னே தெரியல. அவருதான் வந்து கயித்த அறுத்தாரு, படக நிமித்துனாரு. மணப்பாடு கிட்டக்க வாரது வரைக்கும் சுக்கானப் பிடிச்சது அவருதான்.

— அப்ப எதுக்குக் குதிச்சாவ?

— நான்தான்க்கா இறங்கச் சொன்னேன்.

— நீயா?

— கரையில கேமராவோட நின்னாங்க. எங்க அப்பா எங்க ஊரு திருவேங்கடத்துல இருந்து வேன் பிடிச்சு சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிட்டு வந்திருந்தாரு. தனியா வாரேன்னுதான எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். கூட ஒரு ஆளு உக்காந்திருந்தா எல்லாம் போச்சு. அதான், ‘அண்ணாச்சி, இங்கன இறங்கி நீந்திருவீங்களா’ன்னு கேட்டேன்.

— ஒரு மைல் மக்கா. வாடக் காத்துல.

— தெரியும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமும் வாங்குனேன். ‘சரி தாயி’ன்னுட்டுக் குதிச்சிட்டாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. கேமராவப் பாத்துக் கைய ஆட்டிக்கிட்டே போனேன். அவரு கர சேந்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் விசாரிக்கல.

— சேந்தாவ. கெண்டக்கால் ரெண்டும் இழுத்துக்கிட்டு, மண்ணுல ஊந்து ஏறுனாவ. எண்ணெய போட்டு உருவுனவ நான். அப்பவும் வாயத் தொறக்கல.

— என்னை மன்னிச்சிருங்கக்கா. வேற என்ன சொல்லன்னு தெரியல.

— அழாத. மேடைக்குப் போவணும்லா.

— நாளைக்கு விடிஞ்சதும் அங்கன வாரேன். கமிட்டியில நானே சொல்லுதேன், அவரு காலுல விழுதேன். இன்னைக்கு மட்டும் பொறுத்துக்கோங்க, ப்ளீஸ். எங்க அப்பா புது வேட்டி கட்டி முன்வரிசையில உக்காந்திருக்காரு. நான் படிச்ச ஸ்கூல்ல இருந்து பொம்பளப் பிள்ளைகளா வந்திருக்கு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க.

— நான் யாருட்டயும் சொல்லப் போவல மக்கா. போனு ஸ்பீக்கர்ல கெடக்கு. கமிட்டி ஆளுக பதினோரு பேரும் இங்கன எம் வீட்டுலதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காவ.